ஏகாம்பரத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர்

ஏகாம்பரம் மேற்கு எல்லையில் செத்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சாகும்போது அவன் வாயில் தண்ணீர் ஊற்றியவர் தாமல் ஊர்க்காரர் சாமுவேல் என்பதில், அவன் ஊரான ஓரிக்கையில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. குமரகுரு ஏகாம்பரம் வீட்டுக்குள் கால் வைக்கும்வரை.

அந்தத் தண்ணீர் சின்ன விஷயமில்லை. போகிற உயிருக்கு வாயில் ஊற்றுகிறவன் பெற்ற பிள்ளையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கூடப் பிறந்தவனாக இருக்க வேண்டும். சாமுவேல் இரண்டும் இல்லை. பட்டாளத்தில் பக்கத்துப் படுக்கைக்காரர், அவ்வளவுதான். கும்பிடுகிற சாமியும் வேறு. ஆனால் ஊற்றியவர் அவர்தான் என்று ஆனபோது, ஏகாம்பரத்தின் மனைவி செல்லியம்மாள் அவரை அண்ணன் என்றாள். வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை. அப்பன் முகம் பார்க்காமல் பிறந்த கலாவதிக்கு சாமுவேல் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். அவள் வயதுக்கு வந்தபோது தாய்மாமன் சீர் கொண்டுவந்தவர் சாமுவேல். கல்யாணப் பந்தலில் முன்னால் நின்றவரும் அவரே.

வருஷா வருஷம் மார்கழியில் ஏகாம்பரத்துக்குத் தெவசம். போட்டோவுக்கு முன்னால் இலை போட்டுச் சோறும் கருவாட்டுக் குழம்பும் படைப்பார்கள். கற்பூரம் அணைந்ததும் அந்த இலையில் உட்கார்ந்து சாமுவேல் சாப்பிடுவார். வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. அவருடைய சர்ச் ஐயர் ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டாராம்: “படையல் சாப்பிடறியாமே சாமுவேலு?” இவர் சொன்னாராம்: “படையல் இல்லிங்க ஐயரே, தங்கச்சி வூட்ல பகல் சாப்பாடு.”

குமரகுரு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பையன். தறிக்காரர் வீடு. கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சேலைக்கு டிசைன் போடுகிறான். திரையில் கட்டம் கட்டமாக நிறம் வைக்க வேண்டும். அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அட்டை சொன்னபடி தறி நெய்யும். ஒரு கட்டம் பிசகினால் அன்னத்தின் மூக்கு சேலை நெடுகக் கோணிக்கொண்டு வரும். அதனால் தவறு கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே திருத்திவிடுவது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது.

மனைவி ஜெயப்ரியா போனது முந்தைய ஆடியில். அதற்குப் பிறகு அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. சாப்பிட்டான், தூங்கினான், டிசைன் போட்டான். ஒருநாள் வேலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் தான் பார்த்த சண்டையைச் சொல்லிக்கொண்டு வந்தார். பனியில் விறைத்துச் செத்தவர்களைப் பற்றி. முன் சீட்டுப் பெண்மணி காதைப் பொத்திக்கொண்டாள். குமரகுரு அலுங்காமல் கேட்டான். இதையெல்லாம் தன்னால் கேட்க முடிகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு மனிதனிடம் மிச்சமிருக்கிற ஒரே திறமை அதுவென்றால் அதைத்தான் அவன் செய்வான். எல்லைச் சண்டைகளுக்குப் போய்த் திரும்பியவர்களைத் தேடிப் போனான். சீனாக்காரன் சண்டை, பாகிஸ்தான் சண்டை, கார்கில். போனில் பதிவு செய்தான். புத்தகமாகப் போட வேண்டுமென்று எண்ணம்.

“செத்தவங்க கதையாவே கேட்டுக்கினு திரியறான்” என்று அவன் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி மாய்ந்தாள்.

அவனிடம் ஒரு விதி இருந்தது. யாரிடம் உட்கார்ந்தாலும் முதலில் அதைச் சொல்லிவிடுவான். “கேள்விப்பட்டது வேணாங்க. நீங்க எங்க இருந்தீங்க, உங்க கண்ணு என்ன பாத்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க.”

சாமுவேலிடமும் அப்படித்தான் கேட்டான். அவர் இருந்த இடத்தை ஒரு நாள் விடாமல் சொன்னார். கடைசியில் அவரே, “ஏகாம்பரம் வூட்டுக்கும் போய்ட்டு வா தம்பி. யூனிபாரம் போட்ட போட்டோ ஒண்ணு அங்க இருக்குது. உன் புக்குல போடு. நான் அனுப்புனேன்னு சொல்லு” என்றார்.

ஆக, அந்த வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவரே அவர்தான்.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு மதியம் குமரகுரு ஓரிக்கைக்குப் போனான். செல்லியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சாமுவேல் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. கலாவதி டீ போட்டுக் கொண்டுவந்தாள். ஐம்பதைத் தாண்டிய பெண். அங்கன்வாடியில் வேலை.

“அண்ணன் அனுப்புனாரா? அப்ப சரி. கலா, அந்த போட்டோவ எறக்குமா.”

கலாவதி ஸ்டூல் போட்டு ஏறினாள். “பாத்து எடுத்துக்கினு போய் பத்தரமா குடுங்க சார். இது ஒண்ணுதான் எங்கப்பா. போட்டோ தொலஞ்சா எங்கப்பா தொலஞ்ச மாதிரி.”

“இங்கயே போன்ல எடுத்துக்கறேங்க. கொண்டுபோக வேணாம்.”

“அண்ணன் எல்லாம் சொல்லியிருப்பாரே” என்றாள் செல்லியம்மாள். “விடிகாலைல குண்டு பட்டுது. அண்ணன் மடியில தலைய வச்சிக்கினு, பாட்டில்ல இருந்து தண்ணி ஊத்துனாரு. ரெண்டு முழுங்கு உள்ள போச்சாம். அதோட கண்ண மூடிட்டாரு. நல்ல சாவு. எத்தினி பேருக்குக் கெடைக்கும்?”

போட்டோவை நேராக வைத்து போனைக் குவித்துக்கொண்டிருந்த குமரகுரு நிமிராமலே சொன்னான்:

“அன்னைக்கு அவர் ஆஸ்பத்திரியில இல்ல இருந்தாரு?”

சொன்னது அவ்வளவுதான். எழுத்துப்பிழையைச் சொல்வது மாதிரி.

“யாரு?”

“சாமுவேல் ஐயா. மஞ்சள்காமாலை வந்து... சண்டை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே...” அதற்குள் ஏதோ சரியில்லையென்று அவனுக்கே பட்டது. நிறுத்தினான்.

செல்லியம்மாளின் கை கீரையில் அப்படியே நின்றது. “நெசமாவா சொல்ற தம்பி?”

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்திருக்க வேண்டும்? ‘இல்லிங்க, அது வேற ஒருத்தர் சொன்னது, நான்தான் குழப்பிட்டேன்’ என்றிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும். குமரகுரு போனில் விரலை ஓட்டினான். பதிவைத் தேடி எடுத்தான். கேட்க வைத்தான்.

சாமுவேலின் கரகரத்த குரல் அந்த அறையில் பேசியது: “அந்த சண்டை பூரா நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன் தம்பி. கண்ணு, நகம், எல்லாம் மஞ்சள். சண்டை முடிஞ்சப்புறம்தான் எங்க ஆளுங்களாண்ட போய் சேந்தேன்.”

வெளியே கூரைத் தகரத்திலிருந்து பழைய மழை சொட்டிக்கொண்டிருந்தது.

செல்லியம்மாள் அவனைத் திட்டவில்லை. சாமுவேலையும் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்ப அவர் வாய்க்குத் தண்ணி யாரு ஊத்துனா?”



கலாவதி போட்டோவை அவன் கைக்குக் கீழிருந்து உருவினாள். “எழுந்திரு சார். போட்டோ வாணாம், ஒண்ணும் வாணாம். எங்க வூட்ல உக்காந்து டீய குடிச்சிட்டு எங்க மாமாவ எங்களுக்கு இல்லாம ஆக்கிட்ட. எழுந்திரு.”

அவன் எழுந்தான். டீ பாதி அப்படியே இருந்தது.

மறுநாள் தாமலுக்குப் போனான். ஏரி நிரம்பி, உபரி வழிகிற கலங்கலில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சாமுவேல் கரையில் மாட்டைக் கட்டிவிட்டு, குடையை ஊன்றி நின்றிருந்தார். பட்டாளம் விட்டு வந்து வங்கியில் காவலுக்கு இருந்தவர். நிற்பதில் இன்னும் அந்த விறைப்பு இருந்தது.

“வா குரு. பாக்கி எதனா பதிவு பண்ணணுமா?”

“மன்னிப்புக் கேக்க வந்தேன் ஐயா.”

“கலா போன் பண்ணுச்சு. மாமான்னு சொல்லல. ‘ஏங்க’ன்னு ஆரம்பிச்சுது. பொறந்ததுல இருந்து மாமான்னு கூப்புட்ட புள்ள.” மாட்டின் முதுகில் தட்டினார். “யாரோ பால்காரன கூப்புடற மாதிரி.”

“நீங்க எங்கிட்ட ஏன் ஐயா அதைச் சொன்னீங்க?”

“நீ கேட்ட. எங்க இருந்தன்னு கேட்ட. பட்டாளத்துக்காரனாண்ட எங்க இருந்தன்னு கேட்டா, இருந்த எடத்ததான் சொல்லுவான். உன்னாண்ட பொய் சொல்லணும்னு எனக்குத் தோணல. நீயும் ஏகாம்பரம் எப்படி செத்தான்னு கேக்கல பாரு. உன் கணக்குல அது கேள்விப்பட்டது.”

குமரகுரு தலையைக் குனிந்துகொண்டான்.

“பொட்டிய கொண்டாந்து குடுத்தது நான்தான்” என்றார் சாமுவேல். “அவன அங்கியே எரிச்சிட்டாங்க. பொட்டியில துணி, ஷேவிங் செட்டு, அவ்ளோதான். வாசப்படியில தங்கச்சி நிக்குது, வயித்துல புள்ளையோட. அழல. ‘தண்ணி ஊத்துனீங்களாண்ணா’ன்னு கேட்டுது. நான் தலைய ஆட்டுனேன். ஆட்டுனது மட்டும்தான் தம்பி நான். மடியில தலைய வச்சான்னு ஊரு சொல்லிச்சு. ரெண்டு முழுங்கு போச்சுன்னு யாரோ சொன்னாங்க. நான் இல்லன்னு சொல்லல. ஒவ்வொரு வருசமும் அது கொஞ்சம் கொஞ்சமா வளந்துது. நானும் கேட்டுக்கினே இருந்தேன். சில வருசம் எனக்கே ஊத்துன ஞாபகம் வரும்.”

“நான் போய், தேதி தப்பாயிடுச்சுன்னு சொல்லிடறேன் ஐயா.”

“என் கொரல போட்டுக் காட்டிட்ட இல்ல? என் கொரலே தப்புன்னு சொல்லுவியா?” சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. “இந்த வருசம் தெவசத்துக்கு நான் போவல. எந்த மூஞ்சிய வச்சிக்கினு அந்த இலையில உக்காருவேன்?”

திரும்பும் வழியெல்லாம் செல்லியம்மாளின் கேள்வி அவன் கூடவே வண்டியில் வந்தது. அந்தக் கேள்வி அவனுக்குப் புதிதில்லை.

ஜெயப்ரியாவை வயிற்று வலியென்று சேர்த்தார்கள். உடனே அறுவை என்றார்கள். அறுவைக்கு முன் வாயில் எதுவும் போகக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். சரியாகத்தான் சொன்னாள். தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு ஜெயப்ரியா கேட்டாள்: “ஒரு வாய் தண்ணி குடுப்பா.” “ஆபரேஷன் முடியட்டும்” என்றான். “தொண்ட மட்டும் நனையட்டும்பா.” பாட்டில் அவன் கையில் இருந்தது. அவள் அதைப் பார்ப்பதைக் கண்டு முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அவள் அந்த மயக்கத்திலிருந்து திரும்பவில்லை. மறுநாள் வீட்டில் எல்லாரும் ஊற்றியபோது அம்மா அவன் கையிலும் பாலைக் கொடுத்தாள். பல் கிட்டியிருந்தது. பால் கன்னத்தில் வழிந்து காதுக்குள் போனது.

அவன் இதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஊரெல்லாம் போய் ‘உங்க கண்ணு என்ன பாத்துச்சு’ என்று கேட்கிறவனிடம் அதைக் கேட்கிற ஆள் யார்?

அந்த வாரம் அவன் போட்ட டிசைனில் ஒரு கொடி முழுக்கப் பிசகிவிட்டது. முதலாளி கூப்பிட்டுக் காட்டியபிறகுதான் தெரிந்தது.

மார்கழி பிறந்தபோது செல்லியம்மாளே போன் செய்தாள். அவன் நம்பரை சாமுவேலிடம் வாங்கியிருக்க முடியாது, எங்கிருந்து வாங்கினாளோ.

“தம்பி, தெவசம் வருது.”

“ஆமாம்மா.”

“யாரு ஊத்துனான்னு தெரியாம என்னால இலை போட முடியல. போட்டா யாரு அதுல உக்கார்றது? ஒரு மனுசன் நாக்கு வறண்டு போனானா, நனைஞ்சு போனானான்னு தெரியாம நான் எப்படி கற்பூரம் ஏத்துவேன்? இழைய அறுத்தவன்தான் முடி போடணும்பா. நீ நாலு பட்டாளத்துக்காரன தெரிஞ்சவன். கேட்டுக்கினு வந்து சொல்லு.”

“சரிம்மா.”

“எதுவா இருந்தாலும் சொல்லு. எனக்கு இனிமே ஜோடிச்ச கதை வாணாம்.”

முன்னாள் வீரர்களின் வாட்ஸாப் குழுக்களில் கேட்டான். ஏகாம்பரம் பெயர், வருஷம், கால்வாய்க்கரைச் சண்டை. பலர் கும்பிடு போட்ட படம் அனுப்பினார்கள். ஒருவர் எண் அனுப்பினார்: வீராசாமி, குடியாத்தம் பக்கம். அடிபட்டவர்களைத் தூக்கிய ஆள்.

வீராசாமி மகனின் பஞ்சர் கடையில் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். காது மந்தம். குரல் கோடை இடி.

“இன்னா சாமி, டிவியா?”

“இல்லிங்க. புக்கு.”

“புக்கா? அத யாரு படிப்பா! யூட்யூப்ல போடு சாமி, என் பேரன் பாப்பான். சரி, இன்னா கேக்கணும், கேளு.”

குமரகுரு தன் விதியைச் சொல்லவில்லை. நேராகக் கேட்டான். “காஞ்சிபுரத்துக்காரர், ஏகாம்பரம். ஞாபகம் இருக்குதுங்களா?”

வீராசாமி டயரை விட்டு இறங்கினார். பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

“ஒயரமா இருப்பான். வயித்துல பட்டுது. நானும் இன்னொருத்தனும் தூக்கியாந்து பள்ளத்துல போட்டோம். பின்னால கொண்டுபோவ வண்டி இல்ல. குண்டு விழுந்துக்கினே இருந்துது.”

“தண்ணி கேட்டாரா?”

“கேக்காம? வயித்துல பட்டவன் எல்லாருமே கேப்பான். குடுக்கக் கூடாது. அது உத்தரவு. குடல் கிழிஞ்சவனுக்குத் தண்ணி குடுத்தா அதுவே கொன்னுடும். தமிழ்ல கேட்டான், இந்தியில கேட்டான். நான் இல்ல இல்லன்னேன். திட்டுனான். அப்புறம் கெஞ்சுனான். பொழுது விடியறப்ப அடங்கிட்டான்.”

“ஒரு துணிய நனைச்சு உதட்டுலயாவது...”

“தண்ணி ஏது சாமி அங்க? இருந்தது நிக்கறவனுக்கே பத்தல.”

“வேற யாரும் குடுக்கலியா?”

“நான்தானே பக்கத்துல இருந்தேன். யாரும் குடுக்கல.”

குமரகுரு அதுவரை எந்தப் பட்டாளத்துக்காரரிடமும் கேட்காததைக் கேட்டான். “உங்களுக்கு அது கஷ்டமா இல்லீங்களா?”

வீராசாமி அவனை விளங்காமல் பார்த்தார். “எதுக்கு? குடுக்காததுனால பொழச்சவன நான் பாத்திருக்கேன். இவன் பொழைக்கல. உத்தரவு தப்பில்லியே.” மகனைக் கூப்பிட்டு, “ரெண்டு டீ சொல்லுடா. தம்பி மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்குது” என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து குமரகுரு பொய்களைச் செய்து பார்த்தான். முன்னே பின்னே செய்து பழக்கமில்லை. வீராசாமி ஊற்றினார் என்று சொல்லலாம். செல்லியம்மாளின் நெஞ்சு ஆறும். ஆனால் இலை வீராசாமிக்குப் போய்விடும். சாமுவேலுக்கு அந்த வாசல் அடைபட்டதுதான். யாரென்று தெரியாத ஒருவன் ஊற்றினான் என்றால் அவள் அவனைத் தேடச் சொல்வாள். உண்மையைச் சொன்னால் யாருக்கும் இலை இல்லை. அந்தக் கிழவி மிச்ச நாளெல்லாம் பள்ளத்தில் கிடந்து கெஞ்சுகிறவனின் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பாள். எந்தப் பக்கம் இழுத்தாலும் கிழிந்தது. தலையை மட்டும் ஆட்டிய சாமுவேலை நினைத்தான். அந்த ஒரு ஆட்டலில் ஒரு குடும்பத்தையே நிறுத்திக் காட்டியிருக்கிறார். தானோ ஒரு விரலை ஓட்டி அதைச் சாய்த்தவன்.

தெவசத்தன்று காலையில் ஓரிக்கைக்குப் போனான். வாசல் தெளித்திருந்தது. உள்ளே குழம்பு கொதிக்கிற வாசனை. கலாவதி நிலைப்படியில் கையை வைத்து மறித்துக்கொண்டு நின்றாள்.

“சாவுக்கு வந்தியா, கருமாதிக்கு வந்தியா?”

“வுடு கலா. நான்தான் வரச் சொன்னேன்” என்றாள் செல்லியம்மாள் உள்ளிருந்து.

கலாவதி கையை எடுத்தாள். அவன் படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். போட்டோ கீழே இறக்கிச் சுவரோரம் வைத்திருந்தது. மாலை போட்டாயிற்று. இலை இன்னும் சுருட்டியபடி கிடந்தது.

“சொல்லு.”

வரும் வழியில் முடிவு செய்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. “யாரும் ஊத்தலம்மா” என்றான்.

செல்லியம்மாள் போட்டோவைப் பார்த்தாள்.

“வயித்துல பட்டிருக்குது. குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. பக்கத்துல இருந்தவர் குடுக்கல. வீராசாமின்னு பேரு.”

“கேட்டாரா?”

“கேட்டாரும்மா.”

“ரொம்ப நேரமா?”

“விடியற வரைக்கும்.”

அவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை. கலாவதி பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளைப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் செல்லியம்மாள் முந்தானையை எடுத்தாள்.

“அந்தப் புள்ள இன்னா பண்ணும், பாவம். உத்தரவுன்னா உத்தரவுதானே. பக்கத்துலயாவது இருந்துதே.”

வீராசாமிக்கு அவள் கொடுத்த மன்னிப்பு அது. ஒரு கணம் தன் கையும் அதற்கு நீளப் பார்த்ததை குமரகுரு உணர்ந்தான். நீளவில்லை. அது அவனுக்குக் கொடுத்ததல்ல.

“அப்ப யாருமே ஊத்தல” என்றாள் செல்லியம்மாள் மறுபடி. தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிற மாதிரி. “யாரும் ஊத்தலன்னா அது இன்னும் அப்படியே நிக்குது. ஊத்தணும்.”

“இன்னாம்மா சொல்ற?” என்றாள் கலாவதி.

“தம்பி, வண்டியில வந்தியா? போய் அண்ணன கூட்டுக்கினு வா.”

“அவரு உன்னாண்ட பொய் சொன்னவரும்மா!”

“சொன்னாரு. சொன்னத இப்ப வந்து செய்யட்டும்.” செல்லியம்மாள் கையை ஊன்றி எழுந்தாள். “போப்பா. சோறு ஆறுது.”

தாமலில் சாமுவேல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த நாளுக்கு அந்தச் சட்டையைப் போட்டுப் பழகியவர். போட்டபிறகுதான் போக இடமில்லையென்று நினைவு வந்திருக்க வேண்டும். குமரகுரு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். வயிறு, உத்தரவு, விடியல். அவரும் அன்றைக்குத்தான் கேட்கிறார். ஐம்பது வருஷமாக அவருக்கும் தெரியாது.

“கெஞ்சுனானா?” என்றார்.

“ஆமாங்கய்யா.”

“அவன் யாராண்டயும் கெஞ்ச மாட்டானே.” சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். “என் பேர எதனா சொன்னானா?”

தலையை ஆட்டினால் போதும். குமரகுரு ஆட்டவில்லை. “வீராசாமி அதைச் சொல்லலீங்க.”

“சரி.” வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஓரிக்கை வரும்வரை அவன் தோளில் வைத்திருந்த கை அழுத்திக்கொண்டே இருந்தது.

வாசலில் கலாவதி நின்றிருந்தாள். சாமுவேல் செருப்பைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் சொம்பை நீட்டினாள். கால் கழுவ. பெண் வீட்டுக்கு வருகிற தாய்மாமனுக்குக் கொடுப்பது போல.

உள்ளே இலை விரித்துப் படைத்திருந்தது. செல்லியம்மாள் இன்னொரு சொம்பை அவரிடம் கொடுத்தாள்.

“ஊத்துண்ணா.”

“எங்கம்மா ஊத்தறது?” அவர் போட்டோவைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். உண்மையிலேயே தெரியவில்லை. வாய் எங்கே இருக்கிறது?

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு இலைக்கு எதிரே உட்கார்ந்து, சோற்றுக்கு மேலே தன் இரண்டு கையையும் குவித்துப் பிடித்தாள்.

“இதுல ஊத்து.”

சாமுவேல் மண்டி போட்டார். சொம்பைச் சாய்த்தார். தண்ணீர் அவள் கைக்குள் நிரம்பி, விரல் சந்துகளில் வழிந்து, சோற்றில் இறங்கியது. “மெதுவா ஊத்துண்ணா, பொரையேறும்” என்றாள். அவர் மெதுவாக ஊற்றினார். சொம்பு காலியாகும்வரை ஊற்றினார். அப்போதுதான் அழுதார். கற்பூரம் ஏற்றினார்கள், அணைந்தது.

“உக்காருண்ணா. தண்ணிச் சோறா பூடுச்சு.”

“பழைய சோறுன்னாதான் அவனுக்கு உசுரு” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே இலையில் உட்கார்ந்தார் சாமுவேல்.

“கலா, மாமாவுக்குக் குழம்பு ஊத்து.”

கலாவதி ஊற்றினாள். “போதுமா?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “போதுமா மாமா?” என்றாள்.

குமரகுரு அவ்வளவையும் வாசலில் நின்று பார்த்தான். பதிவு செய்ய அவனுக்குத் தோன்றவில்லை. கிளம்பலாம் என்று வண்டிச் சாவியை எடுத்தபோது கலாவதி தட்டோடு வெளியே வந்தாள். வேப்பமரத்தடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினாள்.

“சாப்புட்டு போ. அம்மா சொல்லிச்சு. நான் சொல்லல.”

உள்ளே வா என்று அவள் கூப்பிடவில்லை. கூப்பிடுவாள் என்று அவனும் நிற்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டான். உள்ளே மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது. சாமுவேல் ஏதோ சொன்னார், செல்லியம்மாள், “யண்ணா, அதுவும் பொய்யா?” என்றாள், யாரோ சிரித்தார்கள்.

சாப்பிட்டு முடித்து, தட்டைக் குழாயடியில் தானே கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, குமரகுரு வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை போனான். அங்கே போய்த்தான் ஸ்டார்ட் செய்தான்.